15,000 ரூபாய்க்குள்ள கிராஃபிக்ஸ் கார்டு: ஃபோல்டிங் அட் ஹோம் ஓட்ட மட்டும், கேமுக்கு இல்ல

சைதைமாடி | சனி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவு முடியறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடலாம்னு பாக்கறேன்.

வீட்டுல ஒரு பழைய ஆபீஸ் பெட்டி இருக்கு. போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்தது. நாலாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 290 வாட் பவர் சப்ளை. அதுல ஆறு மாசமா ஃபோல்டிங் அட் ஹோம் (வீட்டுக் கம்ப்யூட்டர்ல புரத ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டு அனுப்பற திட்டம்) ஓட்டறேன், சிபியூல மட்டும். நத்தை மாதிரி போகுது. எங்க பாட்டிக்குக் கடைசி ரெண்டு வருஷம் என்னையே அடையாளம் தெரியல. அந்த மறதி நோய் ஆராய்ச்சிக்குப் போகுதுன்னு படிச்சுதான் ஆரம்பிச்சேன்.

பட்ஜெட் 15,000. கேம் ஆடமாட்டேன். 24 மணி நேரமும் ஓடும். மூணு கார்டு யோசிச்சு வச்சிருக்கேன், எல்லாமே செகண்ட் ஹேண்ட்: ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஜிடிஎக்ஸ் 1650. எது எடுக்கலாம்?

---

கேமர்குட்டி | சனி, இரவு 10.52

1660 சூப்பர் ப்ரோ. கண்ண மூடிட்டு எடுங்க. 1650ல கணக்குப் போடற கோர் 896, இதுல 1408. இதுக்கு மேல யோசிக்கவே வேணாம்.

அது சரி, கேமே ஆடாம எதுக்கு ப்ரோ கார்டு 😅

---

பழையஇரும்பு | சனி, இரவு 11.15

கண்ண மூடிட்டு எடுத்தா பொட்டில போட முடியாது தம்பி.

சைதை, உன் பவர் சப்ளைய தொறந்து பாரு. ஆபீஸ் பெட்டில ஆறு முள்ளு, எட்டு முள்ளு கனெக்டரே இருக்காது. 1660 சூப்பர் 125 வாட், 580 வந்து 185 வாட். ரெண்டுக்கும் தனியா கரெண்ட் வயரு வேணும். போர்டு ஸ்லாட்டுலேந்து 75 வாட்டுக்கு மேல வராது. உடனே ஒருத்தன் வந்து "சாட்டாலேந்து ஆறு முள்ளுக்கு கன்வெர்டர் இருக்கே, நூறு ரூபா"ம்பான். அத மட்டும் வாங்காத. அந்த சாட்டா முனை அவ்ளோ கரெண்ட இழுக்க செஞ்சது இல்ல, நாள் முழுக்க ஓடினா உருகி ஒட்டிக்கும். நான் ரெண்டு பாத்துட்டேன்.

சப்ளைய மாத்தலாம்னா, அந்த மாதிரி பெட்டில நிறைய எடத்துல போர்டுக்குப் போற கனெக்டரே வேற மாதிரி இருக்கும். கடைல கிடைக்கற சாதா ஏடிஎக்ஸ் சப்ளை சொருகாது, அதுக்கு ஒரு வயரு தேடணும்.

580 கதை தனி. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் (கார்டை ஓட்டி கிரிப்டோ காசு எடுக்கறது) நின்னுச்சுல்ல, அப்ப கொட்டின சரக்கு இன்னும் தெருவுல ஓடிட்டிருக்கு. ஒரிஜினல் 580ல 2304 கோர். 2048 கோர் வச்சு சீனாவுல ஒண்ணு வந்துச்சு, அதுவும் 580னுதான் பேரு, உள்ள இருக்கறது 570. பொட்டி மேல ஒண்ணும் தெரியாது.

---

லினக்ஸ்லிங்கம் | ஞாயிறு, காலை 7.05

மைனிங் கார்டுன்னாலே பயப்படுத்தறது இந்தக் குழுவுல பழக்கமா போச்சு. நான் ரெண்டு வருஷமா மைனிங்ல இருந்து வந்த 580தான் ஓட்டறேன். ஃபேன் மாத்தினேன், தெர்மல் பேஸ்ட் போட்டேன், ஓடுது. விலைக்குக் கிடைக்கற கணக்குத் திறன்ல அதை அடிக்க ஆள் இல்ல. என்விடியா டிரைவரோட லினக்ஸ்ல மல்லுக்கட்டறதுக்கு ஏஎம்டி எவ்வளவோ மேல். என்விடியாவோட கணக்கு மென்பொருள் குடாவாம், குடா குடான்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது கூடா நட்பு.

---

நட்சத்திரவலை | ஞாயிறு, காலை 9.30

லிங்கம் சார், உங்கள் கார்டு ஓடுகிறது, மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் மைனிங்குக்காக மாற்றிய பயாஸ் (கார்டின் உள் மென்பொருள்) இன்னும் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மைனிங் செய்தவர்கள் மெமரி டைமிங்கை இறுக்கி வைத்திருப்பார்கள். ஆயிரத்தில் ஒரு மைனிங் கணக்கு தப்பானால் அவர்களுக்கு நஷ்டமில்லை. இங்கே ஒரு பிட் தப்பினாலும் அந்த வொர்க் யூனிட்டே (ஒரு தடவைக்குத் தரும் வேலைப் பொதி) வீணாகலாம். பழைய பயாஸை ஏற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சில கார்டுகளில் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், இரண்டாவது பயாஸ் அதில் இருக்கும்.

சைதை தம்பி, எதை ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கார்டு. நான் 2011 முதல் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் இருக்கிறேன். அதுவும் ஃபோல்டிங் போன்ற திட்டம்தான், போயின்க் என்ற மென்பொருள் வழியாக ஓடுவது. லைகோ, ஃபெர்மி, மீர்காட் ஆகிய வானியல் கருவிகளின் தரவுகளில் பல்சர்களையும் ஈர்ப்பலைகளையும் தேடும் வேலை. 2010இல் அதன் முதல் பல்சர் கண்டுபிடிப்பு வந்தது, பிஎஸ்ஆர் ஜே2007+2722. நொடிக்கு 41 சுற்று சுற்றும் நட்சத்திரப் பிணம். அரெசிபோ தொலைநோக்கியின் பழைய தரவில் ஒளிந்திருந்ததை அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கணினியும் ஜெர்மனியில் ஒரு கணினியும் எடுத்துக் கொடுத்தன. அதைப் படித்த பிறகுதான் நான் சேர்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடா வருடம் இந்தக் கதையைச் சொல்லிச் சலிக்க வைக்கிறேன்.

ஐன்ஸ்டைனில் ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால்தான் செல்லும். முடித்துத் தர ஒன்றிரண்டு வாரம் அவகாசம் உண்டு. இராத்திரி அணைத்து வைத்தாலும் பரவாயில்லை. ஃபோல்டிங்கில் அப்படியில்லை. ஒரு பொதி திரும்பி வந்தால்தான் அதன் அடுத்த பொதியைச் செய்ய முடியும். அதனால் சீக்கிரம் தருபவருக்குக் கூடுதல் புள்ளி. இரண்டும் ஓப்பன்சிஎல் என்ற பொது முறையில் ஏஎம்டியிலும் ஓடும். ஃபோல்டிங் 2020 செப்டம்பரில் குடாவையும் சேர்த்தது. அன்றிலிருந்து அதில் என்விடியா பக்கம் கொஞ்சம் சாய்மானம்தான்.

இதேபோன்ற இன்னொரு திட்டமான மில்க்கிவே அட் ஹோமுக்காகப் பழைய ஏஎம்டி கார்டுகளைத் தேடிப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. டபுள் பிரிசிஷன் என்ற கூடுதல் துல்லியக் கணக்கில் அவை புலி. அங்கே கிராஃபிக்ஸ் கார்டு வேலை 2023இல் நின்றுவிட்டது. இப்போது சிபியூ மட்டும்தான். அந்தப் பழைய அறிவுரைகளை இணையத்தில் பார்த்தால் நம்பிவிட வேண்டாம்.

---

ஈபி_ஓய்வு | ஞாயிறு, காலை 11.10

வணக்கம். நான் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் விவரம் அதிகம் தெரியாது. பேரன் ஓட்டுகிறான் என்று இங்கே எட்டிப் பார்ப்பேன்.

தம்பி 24 மணி நேரம் என்று எழுதியிருக்கிறார். யாரும் அவரிடம் இரண்டு மாத ரீடிங் எவ்வளவு என்று கேட்கவில்லை. அதைச் சொன்னால் நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

---

சைதைமாடி | ஞாயிறு, மதியம் 12.02

ஐயா, அப்பா கிட்ட கேட்டேன். போன ரீடிங் 410. ஏன் கேக்கறன்னு அவர் முகம் மாறிடுச்சு.

---

கேமர்குட்டி | ஞாயிறு, மதியம் 12.05

410 வொர்க் யூனிட்டா? ஆறு மாசத்துல சிபியூல இவ்ளோவா, செம ப்ரோ

---

சைதைமாடி | ஞாயிறு, மதியம் 12.06

ஈபி யூனிட் ப்ரோ.

---

ஈபி_ஓய்வு | ஞாயிறு, மாலை 4.45

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நம் ஊரில் முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை பாதி விலை போலச் சலுகை உண்டு. 501 ஆனதும் அந்தச் சலுகை போய்விடும். அதாவது அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதற்குப் பின் வரும் யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், ஆயிரம் தாண்டினால் பதினொன்றுக்கு மேல்.

1660 சூப்பர் என்கிற கார்டு 125 வாட் என்கிறார்கள். பெட்டியின் மற்ற பாகங்கள், சப்ளையில் வீணாகும் சூடு எல்லாம் சேர்த்துச் சுவரில் 190 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4.56 யூனிட். அறுபது நாளில் 274. உங்கள் 410உடன் சேர்ந்தால் 684. பில்லில் வித்தியாசம் இரண்டாயிரத்து முன்னூறுக்குக் குறையாது. வருடத்தில் ஆறு பில். பதினாலாயிரம் பக்கம் வருகிறது. கார்டு என்ன விலை?

---

சைதைமாடி | ஞாயிறு, மாலை 4.58

நேத்து கேட்டப்ப செகண்ட் ஹேண்ட் 10,500 சொன்னாங்க.

சார், உண்மையிலேயே இது எனக்குத் தோணவே இல்ல.

---

வேளச்சேரிக்கரை | ஞாயிறு, மாலை 5.20

நீங்கள்லாம் கொடுத்து வச்சவங்க. நான் வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் போட்டு யூனிட் பத்து ரூபா வாங்கறார், இலவச 100 அவர் கணக்குல போயிடுது. எனக்கு ஸ்லாபும் கிடையாது சலுகையும் கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல கீழ் வீட்டுல இருந்த பெட்டி தண்ணில மிதந்துச்சு. அப்புறம்தான் மாடிக்கு வந்தேன். மாடில வெயில். இப்ப கார்டு இருக்கு, ஓட்டறது டிசம்பர், ஜனவரி மட்டும். பனிக்கு ஹீட்டர் மாதிரி வச்சுக்கறேன், சென்னையில பனி எத்தனை நாள்னு உங்களுக்கே தெரியும்.

சைதை, பேரு பாத்தா மாடி வீடுன்னு தெரியுது. கார்டு இழுக்கற ஒவ்வொரு வாட்டும் ரூமுக்குள்ளதான் சூடா இறங்கும். ஏசி போட்டா அதை வெளிய தள்ள இன்னொரு கரெண்ட். கத்திரில என்ன பண்ணப் போறீங்க?

---

லினக்ஸ்லிங்கம் | ஞாயிறு, மாலை 6.00

ஒரு பையன் நல்ல காரியம் பண்ணலாம்னு வந்தா எல்லாரும் சேர்ந்து பயமுறுத்தி அனுப்பிடுவீங்க போல. பவர் லிமிட் குறைச்சு ஓட்டலாமே. 185 வாட்டும் எப்பவும் இழுக்காது. என் 580ஐ வோல்டேஜ் குறைச்சு 110ல வச்சிருக்கேன், வேகம் பெரிசா விழல.

---

பழையஇரும்பு | ஞாயிறு, இரவு 8.10

லிங்கம் அண்ணே, உங்களுக்கு லினக்ஸ் கைவந்த கலை. பையனுக்கு? ஏஎம்டி 2023 கடைசில 580 மாதிரி போலாரிஸ் தலைமுறை கார்டுங்களுக்குத் தனி டிரைவர் கிளைன்னு ஒதுக்கிடுச்சு. ஏஎம்டியோட கணக்கு மென்பொருள் ரோக்எம்ல அதுக்கு அதிகாரபூர்வமா எடம் கிடையாது. 110க்கு எறக்கினாலும் அந்த முள்ளு கனெக்டர் வேணும்ல, அது எங்கேந்து வரும்?

பழைய என்விடியாவும் அதே கதிதான், சொல்லிடறேன். 1050 டிஐ, 1060 மாதிரி பாஸ்கல் தலைமுறை கார்டுங்களுக்கு 580ஆம் நம்பர் டிரைவர்தான் கடைசி வரிசை. 2025ல வந்த குடா 13ல பாஸ்கல் இல்லவே இல்ல. இன்னிக்கு ஓடும். எத்தினி நாளைக்கு? அதனால பாஸ்கலுக்கு அப்புறம் வந்த டியூரிங் தலைமுறைக்குக் கீழ போகாத. 16 சீரிஸ்லேந்து மேல பாரு.

---

ஈபி_ஓய்வு | ஞாயிறு, இரவு 8.40

பயமுறுத்த அல்ல, லிங்கம் அவர்களே. அளவு தெரிந்தால் தைரியமாக ஓட்டலாம் என்பதற்காகச் சொன்னேன்.

410க்கும் 500க்கும் நடுவில் 90 யூனிட் இருக்கிறது. அறுபது நாளுக்குப் பகிர்ந்தால் நாள் முழுக்க 62 வாட்தான். எந்தக் கார்டும் அதற்குள் அடங்காது, சரி. வீட்டில் எத்தனை சீலிங் ஃபேன்? பழையதா?

---

சைதைமாடி | ஞாயிறு, இரவு 8.55

மூணு ஐயா. ஹால்ல இருக்கறது நான் பிறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது. அம்மா ரூம்லயும் கிட்டத்தட்ட அதே வயசு.

---

ஈபி_ஓய்வு | ஞாயிறு, இரவு 9.20

அந்தக் காலத்து ஃபேன் 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள். ஹாலிலும் அம்மா அறையிலும் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 45 வாட் மிச்சம். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டும் சேர்ந்து அறுபது நாளில் 81 யூனிட். 90உடன் 81 சேர்ந்தால் 171. இப்போது நாள் முழுக்கச் சுமார் 118 வாட் சுவரிலிருந்து எடுக்கலாம், 500 தாண்டாமல்.

118க்குள் எந்தக் கார்டு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அது என் துறை இல்லை.

---

நட்சத்திரவலை | ஞாயிறு, இரவு 9.41

ஐயா, இதை என் வகுப்பில் கணக்காகக் கொடுக்கப் போகிறேன். அனுமதி வேண்டும்.

தம்பி, கேள்வியே மாறிவிட்டது பாருங்கள். "பதினைந்தாயிரத்துக்கு எது வேகம்" என்று வந்தீர்கள். இப்போது 118இல் பெட்டியின் மற்ற பாகங்களுக்குப் போக, "எழுபது வாட்டுக்கு எது வேகம்" என்று தேட வேண்டியிருக்கிறது. ரூபாயை ஒரு தடவை கொடுப்பீர்கள். வாட்டை ஒவ்வொரு மணியும் கொடுப்பீர்கள். வாட்டுக்கு வரம்பு வந்துவிட்டால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது புதிய தலைமுறை கார்டுதான் சரி.

---

பழையஇரும்பு | ஞாயிறு, இரவு 10.30

அப்போ ரெண்டே ரெண்டு.

ஒண்ணு, 1650. 75 வாட், 4 ஜிபி. இதுலயும் ஆறு முள்ளு வச்ச மாடல் உண்டு, அது உனக்கு வேணாம். முள்ளு இல்லாதது செகண்ட் ஹேண்ட் ஏழாயிரம் பக்கம் இருக்கும்.

ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 2024ல வந்தது. 70 வாட், முள்ளே கிடையாது, 2304 கோர். புதுசு, வாரண்டியோட. 17,000 கிட்ட கேப்பான். இங்க ஒரு குழி இருக்கு பாரு. 3050னு 8 ஜிபிலயும் ஒண்ணு இருக்கு. அது 2022 சரக்கு, 2560 கோர், 130 வாட், முள்ளு உண்டு. பேரு ஒண்ணுதான், பொருள் வேற. கடைல பையன் "8 ஜிபி நல்லா இருக்கும் சார்"னு தள்ளிவிடுவான். 6னு கேளு, முள்ளு இல்லாததுன்னு கேளு, பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு காசு குடு.

நான் எப்பவும் பழசுதான் சொல்வேன், என் பேரே அதுதான். இந்த ஒரு தடவ புதுசு எடு.

---

கேமர்குட்டி | திங்கள், காலை 8.15

3050 6 ஜிபியா?? அத எல்லா ரிவ்யூலயும் கழுவி ஊத்தினாங்களே. மெமரிக்குப் போற வழி வெறும் 96 பிட் பஸ் ப்ரோ அது. காமெடி பண்ணாதீங்க.

---

நட்சத்திரவலை | திங்கள், காலை 8.50

அந்த ரிவ்யூ எல்லாம் கேமுக்கு. ஃபோல்டிங் பொதிகள் மெமரியை அவ்வளவு நிரப்புவதில்லை, கோர்களுக்கு வேலை கொடுப்பவை. அந்தக் கார்டு உங்களுக்கு மோசம், இவருக்கு நல்லது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

---

லினக்ஸ்லிங்கம் | திங்கள், காலை 9.30

2,000 ரூபா பட்ஜெட் தாண்டுது. அந்தக் காசுக்கு ரெண்டு 1650 வாங்கலாம். ரெண்டு சேர்ந்தா 1792 கோர். கணக்கு யாரும் போட மாட்டீங்களா?

---

நட்சத்திரவலை | திங்கள், மதியம் 1.15

போடலாம் சார், உணவு இடைவேளைதான்.

முதலில், இரண்டு 1650 என்றால் 150 வாட். ஐயா சொன்ன 118 வாட் வரம்பைக் கார்டுகள் மட்டுமே தாண்டிவிடும். அந்தப் பெட்டியில் இரண்டாவது கார்டுக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு.

அடுத்தது புள்ளி. ஃபோல்டிங்கில் அடிப்படைப் புள்ளியை ஒரு வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். கெடுவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கி, அதன் வர்க்கமூலம். ஒரே பொதியைப் பாதி நேரத்தில் முடித்தால் அந்தப் பொதிக்கு 1.41 மடங்கு. அதே நேரத்தில் இரண்டு பொதி முடிப்பதால் நாளுக்கு 2.8 மடங்கு. இரண்டு மெதுவான கார்டுகளைவிட ஒரு வேகமான கார்டை இந்தச் சூத்திரம் விரும்புகிறது. காரணமும் நியாயம்தான், அடுத்த பொதி இதற்காகக் காத்திருக்கிறது.

இதோடு இன்னொன்று. என்விடியா கார்டு ஒவ்வொன்றும் ஒரு சிபியூ கோரைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். சைதை தம்பி ஐ5இன் நான்கு கோரிலும் இப்போது ஃபோல்டிங் ஓட்டுகிறார். கார்டு வந்ததும் சிபியூ வேலையை நிறுத்திவிடுங்கள். அது இழுக்கும் கரெண்டுக்கு வரும் பலன் மிகக் குறைவு.

---

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.00

என்விடியாவா ஏஎம்டியா என்று தனிப்பட்ட தாக்குதலாக மாறிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். லிங்கம், கேமர்குட்டி இருவரும் தனிமடலில் பேசிக்கொள்ளவும். ஃபேன் கணக்கு நன்றாக இருக்கிறது, தொடரவும்.

---

சைதைமாடி | சனி, இரவு 9.15

ஒரு வாரம் கழிச்சு வரேன். இன்னிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி நடந்தேன். நாளைக்குப் போயிருந்தா பாதிக் கடை மூடியிருக்கும்.

முதல் கடைல 3050 6 ஜிபி இல்ல. "அதைவிட நல்லது இருக்கு சார், 1050 டிஐ, புது பீஸ், நாலாயிரம்"னு ஒண்ணு எடுத்து வச்சார். பெட்டில பிராண்ட் பேரே இல்ல. இரும்பு அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரி கம்ப்யூட்டர்ல சொருகி, கார்டு விவரம் காட்டற ஜிபியூ-இசட் மென்பொருளைத் தொறந்து காட்டுங்கன்னேன். கொஞ்சம் முனகினார், அப்புறம் போட்டார். பேருக்கு முன்னாடியே 'போலி'ன்னு ஆங்கிலத்துல வந்துச்சு. உள்ள பாத்தா 192 கோர். அவரும் என்னைப் பாத்தார், நானும் அவரைப் பாத்தேன். "சப்ளையர் ஏமாத்திட்டான் சார்"னார். இருக்கலாம்.

நாலாவது கடைல கிடைச்சது. 16,800, ஜிஎஸ்டி பில்லோட, மூணு வருஷ வாரண்டி. 8 ஜிபிதான் எடுக்கச் சொன்னாங்க, சொன்னபடியே. பக்கத்துல சுவர் பிளக்ல மாட்டி வாட் பாக்கற மீட்டர் ஒண்ணும் வாங்கினேன்.

ஃபேன் செலவு அப்பாவோடது. கார்டுக்காகன்னு சொல்லல, கரெண்ட் மிச்சமாகும்னு மட்டும் சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டார்.

---

பழையஇரும்பு | சனி, இரவு 9.40

அந்த 192 கோரு பழைய ஜிடிஎஸ் 450 தம்பி. பயாஸ மாத்தி பேரு மாத்திடுவானுங்க. நாலாயிரம் காப்பாத்தின, டீ வாங்கிக் குடு.

---

சைதைமாடி | ஞாயிறு, காலை 10.20

டீ அப்புறம் அண்ணா, டிஸ்ப்ளேவே வரல. கார்டு ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு. நேத்து நைட்டு ரெண்டு மணி வரைக்கும் கழட்டி மாட்டினேன்.

---

லினக்ஸ்லிங்கம் | ஞாயிறு, காலை 10.35

கார்டை எடுத்துட்டு போர்டுல இருக்கற டிஸ்ப்ளே போர்ட்ல மானிட்டரை மாட்டு. பயாஸ்குள்ள போ. பூட் முறை 'லெகசி'ன்னு இருக்கும், 'யூஇஎஃப்ஐ'க்கு மாத்து. இந்தக் காலத்துக் கார்டு பழைய லெகசி முறையில முகம் காட்டாது. விண்டோஸ் லெகசியில போட்டிருந்தா மறுபடி இன்ஸ்டால் பண்ணணும், இல்ல டிஸ்க்கை யூஇஎஃப்ஐக்கு ஏத்த ஜிபிடி அமைப்புக்கு மாத்தணும். மாத்தறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டிக் கம்பெனி தளத்துல கடைசி பயாஸ் அப்டேட் இருக்கும், அதையும் போட்டுடு. கரெண்ட் போகாத நேரம் பாத்துப் போடு, நடுவுல போச்சுன்னா போர்டே போச்சு.

என்விடியாதான் வாங்கியிருக்கே, இருந்தாலும் சொல்றேன்.

---

சைதைமாடி | ஞாயிறு, மாலை 3.50

வந்துடுச்சு!! லிங்கம் அண்ணா, கோடி நன்றி. ஒரேயடியா விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸே போட்டுட்டேன். சந்தோஷமா?

---

லினக்ஸ்லிங்கம் | ஞாயிறு, மாலை 3.52

😌

---

சைதைமாடி | செவ்வாய், இரவு 11.00

ரெண்டு நாளா ஓடுது. சிபியூ வேலையை நிறுத்திட்டேன். சுவர் மீட்டர்ல 105 வாட், அதுக்கு மேல ஏறல. கார்டு 66 டிகிரி, ஜன்னல் தொறந்து வச்சா 62. சத்தம் அம்மாவோட புது ஃபேனைவிடக் கம்மி.

ஒரு சந்தேகம். புள்ளி எதிர்பார்த்ததுல பாதி கூட வரல. கார்டுல ஏதாவது பிரச்சினையா?

---

நட்சத்திரவலை | செவ்வாய், இரவு 11.20

பாஸ்கீ (ஃபோல்டிங்கில் உங்கள் பெயருக்கு வாங்கும் அடையாளச் சாவி) போட்டீர்களா? அது இல்லாமல் வேக ஊக்கப் புள்ளி வராது. போட்ட பிறகும் அதே பாஸ்கீயில் பத்துப் பொதி ஒழுங்காக முடித்துத் தர வேண்டும். பிறகு எண் தானாக எகிறும்.

ஓவர்கிளாக் செய்ய, அதாவது கார்டை அளவுக்கு மேல் விரட்ட ஆசை வரும், வேண்டாம். புள்ளிக்காக ஓட்டுகிறோம் என்று நினைக்கிற நாள் வரும், எனக்கும் வந்தது. நீங்கள் அனுப்புவது ஒரு புரதம் எப்படி நெளிகிறது என்ற படத்தின் சில நொடித்துணுக்குகள். அதை வைத்து யாரோ பல வருடம் கழித்து ஏதாவது செய்யலாம், செய்யாமலும் போகலாம். 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே ஆரம்பித்தது, இப்போது கிரெக் போமன் நடத்துகிறார். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பாட்டிக்காக என்று எழுதினீர்கள். அதனால்தான் சொல்கிறேன், இது மெதுவான வேலை.

---

சைதைமாடி | செவ்வாய், இரவு 11.31

தெரியும் மேடம். பரவால்ல. பாஸ்கீ போடல, இப்ப போட்டுடறேன்.

---

வேளச்சேரிக்கரை | புதன், காலை 7.45

கத்திரிக்கு என்ன திட்டம்னு கேட்டேன், பதில் வரல.

---

சைதைமாடி | புதன், காலை 8.30

மே மாசம் கத்திரி முடியற வரைக்கும் ராத்திரி 11லேந்து காலை 6 வரைக்கும் மட்டும் ஐன்ஸ்டைன் ஓட்டலாம்னு இருக்கேன். மேடம் சொன்ன மாதிரி அதுக்கு அவகாசம் இருக்கு, பாதில நிறுத்தினா யாரையும் காக்க வைக்காது. ஃபோல்டிங் திரும்ப ஜூன்ல. ஏசி போடற ரூம்லேந்து பெட்டியை வெளிய வராண்டா பக்கம் நகர்த்தணும், அங்க தூசி. யோசிக்கறேன்.

---

ஈபி_ஓய்வு | புதன், மாலை 6.10

ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதியைக் குறித்து வையுங்கள். சில சமயம் நான்கைந்து நாள் தள்ளி வருவார்கள். அறுபத்தைந்து நாள் யூனிட் ஒரே பில்லில் விழுந்தால் நம் கணக்கு தவறும். கடைசி வாரம் நீங்களே மீட்டரைப் பார்த்து, 490 நெருங்கினால் பெட்டியை அணைத்துவிடுங்கள்.

---

சைதைமாடி | ஏப்ரல், திங்கள், காலை 11.05

இழையைத் தூசி தட்டி எழுப்பறதுக்கு மன்னிக்கணும். ஆள் நாலு நாள் லேட்டா வந்தார், ஐயா சொன்ன மாதிரியே. கடைசி மூணு நாள் பெட்டியை அணைச்சு வச்சிருந்தேன். இப்பதான் ரீடிங் எடுத்துட்டுப் போனார்.

488.

அப்பா ஈபி கார்டுல எழுதியிருக்கறதை ரெண்டு தடவை பாத்தார். ஃபேன் மாத்தியும் ஏன் கூடிச்சுன்னு கேக்கறார். இனிமே சொல்லித்தான் ஆகணும்.

---

கேமர்குட்டி | ஏப்ரல், திங்கள், காலை 11.09

488 வொர்க் யூனிட்டா ப்ரோ??

---

சைதைமாடி | ஏப்ரல், திங்கள், காலை 11.10

டேய்.